இலக்கியம் கற்பித்தலில் சொற்பொழிவும் கவிதையும் (ஐக்கிய அமெரிக்கா)

இலக்கியம் கற்பித்தலில் சொற்பொழிவும் கவிதையும் என்பது, மேடையில் நிகழ்த்தப்பட்ட உரைகளையும் கவிதைகளையும் அருகருகே வைத்து, மாணவருக்கு இலக்கிய வாசிப்பைப் பயிற்றும் முறையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில், அதாவது ஏறத்தாழ 14 முதல் 18 வயது வரையிலான மாணவர் பயிலும் 9 முதல் 12 வரையான வகுப்புகளில், ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதியாக இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. லிங்கன், பிரெடெரிக் டக்ளஸ், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் உரைகளும், வால்ட் விட்மன், லாங்ஸ்டன் ஹியூஸ் போன்றோரின் கவிதைகளும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

சொற்பொழிவு, கவிதை இரண்டும் காதுக்காக ஆக்கப்பட்டவை என்பதே இவற்றை இணைத்துக் கற்பிப்பதற்கான அடிப்படைக் காரணம். ஒரு சொல்லை மீட்டும் ஆளுதல், ஓசை, இடைநிறுத்தம், உருவகம் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. எனினும் சொற்பொழிவு ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் முன் நிகழ்ந்த செயலும் ஆகும். அதனைக் கவிதைபோல் வெறும் சொற்கோலமாக வாசிப்பதா, வரலாற்று நிகழ்வாக வாசிப்பதா என்பது இத்துறையில் நெடுங்காலமாகத் தொடரும் விவாதம்.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பள்ளிகளில் இலக்கியம் என்று தனிப்பாடம் பெரும்பாலும் இருக்கவில்லை. வாசிப்பும் நாவன்மையும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. கேலப் பிங்கம் என்பவர் 1797 இல் பாஸ்டனில் வெளியிட்ட "கொலம்பியன் ஒரேட்டர்" என்ற நூல் உரைகள், உரையாடல்கள், செய்யுட்கள் ஆகியவற்றின் தொகுப்பாகும். அக்காலப் பள்ளிச் சிறுவர் இதனை உரத்து வாசித்தும் ஒப்பித்தும் பயின்றனர்.

இந்நூலின் புகழ்பெற்ற வாசகர் பள்ளிக்கே அனுப்பப்படாத ஒருவர். பால்டிமோரில் அடிமையாக இருந்த பிரெடெரிக் டக்ளஸ், ஏறத்தாழ 12 வயதில், தான் சேர்த்த 50 சதத்தைக் கொடுத்து இதன் ஒரு படியை வாங்கினார். அதில் அடிமை ஒருவன் தன் எசமானனுடன் வாதிட்டு விடுதலை பெறும் உரையாடல் ஒன்று உள்ளது. மனத்தில் தோன்றியும் சொல்லவியலாது மறைந்த தன் எண்ணங்களுக்கு இந்நூலே சொற்களைத் தந்தது என்ற பொருளில் டக்ளஸ் 1845 இல் வெளியான தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னாளில் அவரது உரைகளே பள்ளிப் பாடமாயின. அமெரிக்க விடுதலை நாள் அடிமைக்கு எப்பொருள் தரும் என்று வினவி அவர் 1852 சூலை 5 அன்று ரொச்செஸ்டர் நகரில் ஆற்றிய உரை இன்று பல பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது.

1836 முதல் வெளிவந்த மக்கபி வாசகங்கள் இம்மரபை நாடெங்கும் கொண்டுசென்றன. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்ற குறிப்புகளும் இவற்றில் இருந்தன.

இம்மரபு தளர்ந்ததற்கு உயர்கல்வியில் ஏற்பட்ட மாற்றமும் ஒரு காரணம். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பாயில்ஸ்டன் சொல்லணிக்கலைப் பேராசிரியர் பதவியில் 1806 இல் முதலில் அமர்ந்தவர், பின்னர் குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ். 1851 இல் அப்பதவிக்கு வந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு நாட்டார் கதைப்பாடல்களின் ஆய்வாளர். மேடைப்பேச்சைவிட இலக்கியமே அவருக்கு நாட்டம் தந்தது. 1876 இல் அவர் அப்பல்கலைக்கழகத்தின் முதல் ஆங்கிலப் பேராசிரியரானார். பேச்சுக்கலைக்கென ஏற்பட்ட பதவியில் இருந்தவரே ஆங்கில இலக்கியத் துறையின் முதல்வராக மாறியது அக்காலப் போக்கைக் காட்டுகிறது.

பள்ளி மட்டத்தில் பிரிவு இன்னும் வெளிப்படையாக நிகழ்ந்தது. ஆங்கில ஆசிரியர் தேசியப் பேரவை 1911 இல் சிக்காகோவில் தோற்றுவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1914 நவம்பரில், பேச்சுக்கலை ஆசிரியர் பதினேழு பேர் அதிலிருந்து விலகித் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இதன் பின்னர் கவிதை ஆங்கில வகுப்பிலும், சொற்பொழிவு பேச்சு வகுப்பிலும் விவாத மன்றத்திலும் எனப் பெரும்பாலும் பிரிந்து நின்றன. ஆங்கில வகுப்புக்கு எஞ்சியது அச்சிட்ட தாள்.

1938 இல் வெளியான இரு நூல்கள் அடுத்த அரை நூற்றாண்டின் கற்பித்தலை வெவ்வேறு திசைகளில் இழுத்தன. கிளியந்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் ஆகிய இருவரும் எழுதிய "அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி", கவிதையை அதன் ஆசிரியர் வாழ்க்கையிலிருந்தும் காலப் பின்னணியிலிருந்தும் பிரித்து, தன்னளவில் முழுமையான ஆக்கமாக வாசிக்கும் முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. லூயிஸ் ரோசன்பிளாட் எழுதிய "லிட்டரேச்சர் ஆசு எக்ஸ்புளோரேசன்", வாசகரின் அனுபவமும் பனுவலும் சந்திக்கும் இடத்திலேயே இலக்கியம் பிறக்கிறது என்றது. நுணுகி வாசிக்கும் பழக்கத்தை முதல் நூல் தந்தது உண்மை. ஆனால் நிகழ்ந்த இடத்தையும் கேட்ட கூட்டத்தையும் நீக்கிவிட்டால் சொற்பொழிவில் என்ன எஞ்சும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

கெட்டிஸ்பர்க் உரை

ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில், உள்நாட்டுப் போரில் மாண்ட வீரரின் இடுகாட்டுத் திறப்பு விழாவில் ஆற்றிய உரை, இம்முறையில் மிகுதியாகப் பயன்படும் பாடமாகும். பத்து வாக்கியங்கள், ஏறத்தாழ 270 சொற்கள் மட்டுமே கொண்டது. ஒரே பாட வேளையில் முழுவதையும் வாசித்து முடிக்கலாம். அன்றைய முதன்மைப் பேச்சாளரான எட்வர்டு எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். தாம் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்னும் கருத்தில் மறுநாளே அவர் லிங்கனுக்கு எழுதினார். எவரெட்டின் உரையை இன்று எந்த வகுப்பிலும் முழுமையாக வாசிப்பதில்லை. அவ்வப்போது அதன் ஒரு பத்தியை ஒப்பீட்டுக்கு மட்டும் கொடுப்பதுண்டு.

இவ்வுரையில் மாணவர் முதலில் செய்யும் பயிற்சி சொல் எண்ணுதல். அர்ப்பணித்தல் என்று பொருள்படும் ஆங்கில வினை பல வடிவங்களில் ஆறு முறை வருகிறது. முதல் இரு இடங்களில் ஒரு நாடு ஒரு கொள்கைக்குத் தன்னை ஒப்படைத்ததைக் குறிக்கிறது. அடுத்த இரு இடங்களில் நிலத்தை நினைவிடமாக்கும் சடங்கைக் குறிக்கிறது. அச்சடங்கைச் செய்யத் தமக்குத் தகுதியில்லை என்று லிங்கன் அங்கே மறுக்கிறார். கடைசி இரு இடங்களில் அதே சொல் உயிரோடிருப்போர் மீது திரும்புகிறது. அர்ப்பணிக்கப்பட வேண்டியது நிலமன்று, கேட்டுக்கொண்டிருக்கும் மக்களே என்று ஆகிவிடுகிறது. தமிழ் அணியிலக்கணத்தில் ஒரே சொல் மீண்டும் வந்து வேறுபொருள் தருவது சொற்பின்வருநிலையணி எனப்படும். லிங்கனின் உத்தி அதற்கு நெருங்கியது. உரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் பொருள் மாற்றத்திலேயே நடைபெறுவதை மாணவர் தாமே கண்டுகொள்கின்றனர். ஆசிரியர் விளக்கிச் சொன்னால் இந்தப் பயன் கிட்டுவதில்லை.

இரண்டாவது பயிற்சி, இல்லாதவற்றைத் தேடுதல். கெட்டிஸ்பர்க் என்ற ஊர்ப்பெயர் உரையில் இல்லை. அடிமைமுறை என்ற சொல் இல்லை. எதிரிப்படை பற்றிய பேச்சில்லை. "நான்" என்ற தன்மை ஒருமையும் இல்லை. "நாம்" மட்டுமே உண்டு. இதனோடு லிங்கன் 1865 இல் கொல்லப்பட்டபோது வால்ட் விட்மன் இயற்றிய இரங்கற்பாக்கள் இணைத்து வாசிக்கப்படுகின்றன. "ஓ கேப்டன்! மை கேப்டன்!" என்ற கவிதை சீரான எதுகை அமைப்புடையது, எளிதில் மனப்பாடமாவது, எனவே பள்ளிகளில் விரைவில் பரவியது. தம் வழக்கமான கட்டற்ற நடைக்கு மாறான இக்கவிதையின் புகழ் விட்மனுக்கே பின்னாளில் சலிப்பூட்டியது. லைலாக் மலர்களைப் பற்றித் தொடங்கும் நெடுங்கவிதை வகுப்பறைக்குக் கடினமானது. ஆயினும் ஒப்பீட்டுக்கு அதுவே பொருத்தம். இரண்டிலுமே லிங்கனின் பெயர் இல்லை. பெயரைச் சொல்லாமல் விடுவதால் ஒரு மரணம் எவ்வாறு பொதுவாகிறது என்பதை உரையிலும் கவிதையிலும் ஒருசேரக் காண இது வாய்ப்பளிக்கிறது.

நாடகத்துக்குள் சொற்பொழிவு

ஷேக்ஸ்பியரின் "ஜூலியஸ் சீசர்" நாடகம் அமெரிக்காவில் பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. அதன் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், சீசர் கொலையுண்ட பின் புரூட்டசும் அந்தோனியும் அடுத்தடுத்து மக்கள்முன் பேசுகின்றனர். புரூட்டஸ் பேசுவது உரைநடை. அந்தோனி பேசுவது செய்யுள். சொற்பொழிவும் கவிதையும் பற்றிய பாடத்துக்கு இதைவிடத் தக்க இடம் ஆங்கில இலக்கியத்தில் அரிது.

புரூட்டசின் வாக்கியங்கள் தராசுத் தட்டுகள்போல் சமன்செய்யப்பட்டவை. காரணம் கூறுகிறார், கூட்டம் ஒப்புக்கொள்கிறது. அந்தோனி கொலையாளிகளை மதிப்புக்குரியோர் என்று திரும்பத் திரும்பப் புகழ்கிறார். ஒவ்வொரு முறையும் அச்சொல் சற்றே புளித்து, இறுதியில் வசையாகவே ஒலிக்கிறது. தமிழில் இதனை வஞ்சப்புகழ்ச்சி அணி என்பர். அச்சொல் வருமிடங்களை மட்டும் ஒரு மாணவரை வெவ்வேறு தொனியில் வாசிக்கச் செய்து, எந்த இடத்தில் புகழ்ச்சி நம்பிக்கையை இழந்தது என்று மற்றவரைக் கையுயர்த்தச் சொல்வது வழக்கமான பயிற்சி. வகுப்பு ஒருபோதும் ஒரே இடத்தில் கையுயர்த்துவதில்லை என்பதே பயிற்சியின் சுவை.

இக்காட்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. அழகிய பேச்சு கூட்டத்தைக் கலவரத்துக்கு இட்டுச்செல்கிறது. சின்னா என்னும் கவிஞர், சதிகாரருள் ஒருவரின் பெயரைக் கொண்டிருந்த ஒரே காரணத்தால், அடுத்த காட்சியில் கொல்லப்படுகிறார். நாவன்மையைப் போற்றிக் கற்பிக்கும் பாடத்தில் அதன் ஆபத்தையும் காட்டுவது இந்நாடகமே.

கிங்கும் ஹியூஸும்

1963 ஆகத்து 28 அன்று வாசிங்டனில், லிங்கன் நினைவகப் படிகளில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள்முன் கிங் ஆற்றிய "எனக்கொரு கனவு உண்டு" உரை சுமார் 17 நிமிட நீளமுடையது. அதன் ஒலிப்பதிவும் திரைப்பதிவும் கிடைப்பதால், அச்சுப்படிக்கும் பேச்சுக்கும் உள்ள தொலைவை மாணவர் நேரடியாக அளக்க முடிகிறது. கனவு பற்றிய புகழ்பெற்ற பகுதி அவர் முன்கூட்டி எழுதிவைத்த படியில் இருக்கவில்லை. பேச்சின் பிற்பகுதியில் படியை விட்டு விலகியே அதனைக் கூறினார். மேடையருகே இருந்த பாடகி மகாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல்கொடுத்ததாக உடனிருந்தோர் கூறியுள்ளனர்.

எனினும் அப்பகுதி அந்த நொடியில் பிறந்ததன்று. 1962 நவம்பர் 27 அன்று வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கிங் அதன் முந்தைய வடிவத்தைப் பேசியிருந்தார். அவ்வுரையின் ஒலிநாடாவை ஆய்வாளர் டபிள்யூ. ஜேசன் மில்லர் அந்நகர நூலகத்திலிருந்து கண்டெடுத்தார். 2015 இல் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. கிங்கின் கனவு உருவகத்தில் லாங்ஸ்டன் ஹியூசின் கவிதைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மில்லரின் வாதம். ஹியூஸ் பொதுவுடைமைச் சார்புக் குற்றச்சாட்டின் பேரில் 1953 இல் மக்கார்த்தியின் செனட் துணைக்குழு முன் நிறுத்தப்பட்டவர். அதனால் கிங் அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்வதைத் தவிர்த்து, அவரது படிமங்களைத் தம் பேச்சில் கரைத்துக்கொண்டார் என்று மில்லர் கருதுகிறார். இக்கருத்தை முழுமையாக ஏற்காதவர்கூட, இருவரையும் இணைத்து வாசிப்பதன் பயனை மறுப்பதற்கில்லை.

வகுப்பில் பெரும்பாலும் ஹியூசின் இரு கவிதைகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று 1951 இல் வெளியான நெடுந்தொகுப்பில் உள்ள "ஹார்லெம்"; தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும் என்ற கேள்வியை அடுக்கடுக்கான உவமைகளால் எழுப்புவது. இதன் ஒரு படிமமே லொரேன் ஆன்ஸ்பெரியின் 1959 ஆம் ஆண்டு நாடகத்துக்குத் தலைப்பாயிற்று. மற்றொன்று 1936 இல் வெளியான "லெட் அமெரிக்கா பி அமெரிக்கா அகெய்ன்". அக்கவிதையில் நாட்டின் பெருமையைப் பாடும் குரலை, அடைப்புக்குறிக்குள் வரும் இன்னொரு குரல் இடைமறிக்கிறது. முதற் குரலை வகுப்பின் ஒரு பாதியும் அடைப்புக்குறியை ஒரே ஒரு மாணவரும் வாசிப்பது வழக்கம். பின்னர் அடைப்புக்குறிக் குரலே கவிதையைக் கைப்பற்றிக்கொள்ளும்போது, வாசிப்புப் பொறுப்பையும் இடம்மாற்றுவர்.

கிங்கின் உரையில், அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் பின் நூறாண்டு கழிந்தது என்ற தொடர் நான்கு முறை வாக்கியத் தொடக்கமாக வருகிறது. சொல்லும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. இது சொற்பொருட்பின்வருநிலையணி போன்றது. லிங்கன் ஒரு சொல்லை மீட்டும்போது பொருள் நகர்கிறது. கிங் மீட்டும்போது பொருள் நகர மறுக்கிறது, நாடு நகரவில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு ஆதலால். ஒரே உத்தி இரு வேறு வேலைகளைச் செய்வதை இவ்வாறு காட்டிய பின்னரே உத்திகளின் கிரேக்கப் பெயர்களை அறிமுகப்படுத்துவது நல்லது. பெயர்ப் பட்டியலில் தொடங்கும் வகுப்பு பெரும்பாலும் அப்பட்டியலிலேயே முடிந்துவிடுகிறது.

எது மூலபாடம்?

கவிதைக்குப் பொதுவாக ஆசிரியர் அச்சுக்குத் தந்த பாடம் உண்டு. சொற்பொழிவுக்கு அது உறுதியில்லை. கெட்டிஸ்பர்க் உரைக்கே லிங்கனின் கையெழுத்தில் ஐந்து படிகள் உள்ளன. கடவுளைக் குறிக்கும் இரு சொற்கள் அவற்றுள் முந்தைய இரண்டில் இல்லை, பிந்தைய மூன்றில் உள்ளன. பேட்ரிக் ஹென்றி 1775 மார்ச் 23 அன்று விர்ஜீனியாவில் ஆற்றிய, விடுதலையா சாவா என்று முடியும் உரையைப் பாடநூல்கள் அவர் சொற்களாகவே அச்சிடுகின்றன. உண்மையில் அது, வில்லியம் வர்ட் 1817 இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்காகப் பிறரின் நினைவுகளிலிருந்து மீட்டமைத்தது.

சோஜர்னர் துரூத்தின் உரை இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அவர் 1851 மே மாதத்தில் ஒகையோவின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். அங்கிருந்த மாரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே தம் செய்தித்தாளில் அவ்வுரையை வெளியிட்டார். தானும் ஒரு பெண் அல்லளா என்ற புகழ்பெற்ற கேள்வி அதில் இல்லை. அக்கேள்வி மீண்டும் மீண்டும் வருவது, மாநாட்டுத் தலைவர் பிரான்சிஸ் கேஜ் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1863 இல் எழுதிய வடிவத்தில். கேஜ் அவரைத் தென்மாநிலக் கறுப்பின அடிமைகளின் கொச்சையில் பேசவைத்தார். துரூத்தோ நியூயோர்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். கேஜின் வடிவமே பாடநூல்களில் பரவியது. சில தொகைநூல்களில் அது அடிகளாக உடைக்கப்பட்டுக் கவிதையாகவும் அச்சாகியுள்ளது. திரும்பவரும் கேள்வி இருப்பதால்தான் அது கவிதைபோல் தோன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்கியச் சுவையே, உண்மையில் பேசிய பெண்ணின் குரலை மறைத்த திரையாயிற்று. இரு வடிவங்களையும் ஒரே தாளில் தந்து, யார், எப்போது, எதற்காக எழுதினர் என்று கேட்பது இன்று பரவிவரும் பயிற்சி.

சியாட்டில் தலைவரின் பெயரால் வழங்கும் சுற்றுச்சூழல் உரையும் இத்தகையதே. அவர் 1850களில் லுசூட்சீடு மொழியில் பேசியதாகக் கூறி ஹென்றி ஸ்மித் என்பவர் 1887 இல் ஓர் ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். உலகெங்கும் பள்ளிச் சுவர்களில் தொங்கும் வடிவமோ, "ஹோம்" என்ற 1972 ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக டெட் பெர்ரி எழுதியது. அழகிய நடை என்பதற்காக அதனைத் தொல்குடித் தலைவரின் சொல்லாகவே கற்பித்த வகுப்புகள் ஏராளம்.

ஒப்பித்தல்

மனப்பாடம் செய்து ஒப்பித்தல் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பிழந்தது. பொருளறியாமல் உருப்போடுதல் என்ற குறை அதன்மீது சாற்றப்பட்டது. கலைகளுக்கான தேசிய அறக்கொடையும் போயட்ரி பவுண்டேசனும் இணைந்து தொடங்கிய "போயட்ரி அவுட் லவுட்" போட்டி இதனை ஓரளவு மீட்டது. 2005 இல் வாசிங்டனிலும் சிக்காகோவிலும் முன்னோட்டமாகவும், 2006 இல் நாடளாவியதாகவும் இது நடந்தது. 9 முதல் 12 வரையான வகுப்பு மாணவர் இதில் பங்குபெற்றனர். தேசிய இறுதிக்குச் செல்வோர் மூன்று கவிதைகளை ஆயத்தம் செய்யவேண்டும். ஒன்றேனும் 20 ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகவும், ஒன்றேனும் 25 அடிகளுக்கு மிகாததாகவும் இருத்தல் வேண்டும். பொருளை உணர்ந்து சொல்கிறாரா என்பது தனி மதிப்பெண்ணுக்குரியது. மிகை நடிப்புக்கு மதிப்பெண் குறையும் என்பது பழைய ஒப்பித்தல் மரபிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

மனப்பாடத்தின் பயனுக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1961 சனவரி 20 அன்று ஜான் கென்னடியின் பதவியேற்பு விழாவில், 86 வயதான ராபர்ட் புரொஸ்ட் அவ்விழாவுக்கென எழுதிவந்த கவிதையை வெயில் கூசியதால் வாசிக்க இயலாமல், தம் பழைய கவிதை ஒன்றை நினைவிலிருந்து சொல்லி முடித்தார்.

திக்கிப் பேசுவோர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டோர் ஆகியோருக்குப் பொதுமேடை ஒப்பித்தல் துன்பமாகலாம் என்ற எதிர்ப்பும் நியாயமானதே. குழுவாக வாசித்தல், ஒலிப்பதிவு செய்து ஒப்படைத்தல் போன்ற மாற்றுகளைப் பல ஆசிரியர் அனுமதிக்கின்றனர்.

பொது மையக் கல்வித் தரங்கள்

2010 இல் வெளியிடப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களால் ஏற்கப்பட்ட பொது மையக் கல்வித் தரங்கள், சொற்பொழிவை ஆங்கில வகுப்புக்கு மீண்டும் அழைத்துவந்தன. 9, 10 ஆம் வகுப்புகளுக்கான தரம், வாசிங்டனின் பிரியாவிடை உரை, கெட்டிஸ்பர்க் உரை, ரூஸ்வெல்டின் நான்கு சுதந்திரங்கள் உரை ஆகியவற்றை வரலாற்று, இலக்கியச் சிறப்புடைய ஆவணங்களாகப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அவற்றை வைத்த இடம் இலக்கியப் பிரிவன்று. தகவல்சார் பனுவல்கள் என்ற பிரிவு. பன்னிரண்டாம் வகுப்பளவில் மாணவர் வாசிப்பில் 70 விழுக்காடு தகவல்சார்ந்தும் 30 விழுக்காடு இலக்கியம் சார்ந்தும் அமையவேண்டும் எனவும் கூறப்பட்டது. இவ்விகிதம் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்தே என்று தரங்களிலேயே விளக்கப்பட்டிருந்தும், பல பள்ளிகளில் ஆங்கில வகுப்பின் விகிதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. சொற்பொழிவைச் சேர்க்கக் கவிதையை வெட்டவேண்டுமோ என்ற அச்சம் ஆசிரியரிடையே எழுந்தது. உரை ஒன்றைக் கவிதையின் துணையாகக் கொள்ளாமல் அதன் போட்டியாளராக ஆக்கிவிட்ட ஏற்பாடு இது.

இத்தரங்களையொட்டித் தயாரிக்கப்பட்ட மாதிரிப் பாடம் ஒன்று, கெட்டிஸ்பர்க் உரையைப் பின்னணி எதுவும் கூறாமல் முதலில் வாசிக்கத் தருமாறு ஆசிரியருக்கு அறிவுறுத்தியது. முன்னறிவு உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் ஒரே நிலையில் தொடங்கவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. உரையின் தொடக்கம் 87 ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணுகிறது. 1863 இல் பேசப்பட்டது என்று தெரிந்தால்தான் 1776 கிடைக்கும். லிங்கன் நாட்டின் பிறப்பை 1787 இல் எழுதப்பட்ட, அடிமைமுறைக்கு இடம்கொடுத்த அரசியலமைப்பிலிருந்து கணக்கிடாமல், எல்லோரும் சமம் என்ற விடுதலைப் பிரகடனத்திலிருந்து கணக்கிட்டார் என்பதே அவ்வாக்கியத்தின் அரசியல். இதனை உரையை மட்டும் உற்றுநோக்கிப் பெறமுடியாது. மறுபுறம், பின்னணியை அரைமணி நேரம் விரிவுரையாற்றிய பின் உரையைத் தொடும் வகுப்பில் ஆறு முறை வரும் அந்தச் சொல்லை ஒருவரும் கவனிப்பதில்லை. முதலில் உரத்து வாசித்தல், பின் சொற்களை எண்ணுதல், மாணவரிடம் கேள்வி பிறந்த பின் வரலாறு என்ற வரிசையை அனுபவமிக்க ஆசிரியர் பலர் கைக்கொள்கின்றனர். இந்தியானா 2014 இல் இத்தரங்களைக் கைவிட்ட முதல் மாநிலமாயிற்று. வேறு சில மாநிலங்களும் பின்னர் விலகின. ஆயினும் உரைகள் பாடத்தில் நிலைத்தன.

பதிப்புரிமையும் தடைகளும்

லிங்கனின் உரை பொதுவுடைமை. கிங்கின் உரை அவ்வாறன்று. இரண்டரை இலட்சம் மக்கள்முன் பேசியதாலும் ஒலிபரப்பானதாலும் மட்டும் அது பொதுவெளியீடாகிவிடாது என்று 1999 இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கிங்கின் உரிமையாளர்களுக்கும் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே பாடநூல்கள் அனுமதி பெற்றே இவ்வுரையை அச்சிட இயலும்.

2021 சனவரி 20 அன்று ஜோ பைடனின் பதவியேற்பில் 22 வயதான அமண்டா கோர்மன் வாசித்த "த ஹில் வி கிளைம்ப்" கவிதை, இணைத்துக் கற்பித்தலுக்குப் புதிய பாடமானது. சிறுவயதில் சில ஒலிகளை உச்சரிக்க இடர்ப்பட்ட கோர்மன், இக்கவிதைக்காக லிங்கன், டக்ளஸ், கிங், சர்ச்சில் ஆகியோரின் உரைகளைப் படித்ததாகக் கூறியுள்ளார். 2023 மே மாதத்தில் புளோரிடாவின் மயாமி-டேடு மாவட்டப் பள்ளி ஒன்றில், பெற்றோர் ஒருவரின் முறையீட்டை அடுத்து, இக்கவிதை நூல் தொடக்கநிலை மாணவருக்கான அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டு நடுநிலை மாணவர் பகுதிக்கு மாற்றப்பட்டது. முறையீட்டுப் படிவத்தில் ஆசிரியர் பெயராக, நூலுக்கு முன்னுரை எழுதிய ஓப்ரா வின்பிரியின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது.